மீன்தலை கிடந்த பை

எனக்குக் கானாங்கெளுத்தி மீன் ரொம்பப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதன் தலையை அடுத்தவர் குப்பைப் பையில் பார்ப்பதுதான் பிடிக்காது. எங்கள் ஊரில் குப்பையைத் தரம் பிரித்து, பைமேல் பேரெழுதித் தெருமுனைக் கம்பிக் கூண்டில் வைக்கவேண்டும். குடியிருப்போர் சங்கத் தலைவர் நான். திறந்து பார்ப்பது என் வேலை. பார்த்துப் பார்த்து மனிதர்கள் மேலேயே ஒரு குமட்டல் வந்துவிட்டது.

டோக்கியோவிலிருந்து நோயாளி அப்பாவோடு குடிவந்த மகாபே சியோரியின் பை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கழுவாத பாட்டில், கிழவரின் மூத்திரத் துணி, மீன்தலை, எல்லாம் ஒன்றாக. அவள் வாசலிலேயே கொண்டுபோய்த் திருப்பி வைத்தேன்.

"அப்பாவ விட்டு நகர முடியல தலைவரே. கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்றாள்.

"டோக்கியோக்காரிக்கு மீன் திங்கத் தெரியுது, முள்ளக் கொட்டத் தெரியல," என்று கடைக்கார ஹோசாகா அம்மாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் போட்டு அவளைச் சங்கத்திலிருந்து நீக்கினோம். கூண்டை அவள் தொடக்கூடாது. பைகள் அவள் வீட்டோரம் குவிந்தன, காக்கைகள் கிழித்தன. அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பேன்.

பிறகு பனிக்காலம் வந்தது. பனி வாரும் எந்திரம் சங்கத்துச் சொத்து, சாவி என்னிடம். தெருவையெல்லாம் வாரிவிட்டு அவள் சந்து முனையில் நிறுத்திக்கொள்வேன். உறுப்பினர்களுக்குத்தானே எந்திரம்.

அன்று காலை இடுப்பளவுப் பனியில் தடுமாறி வந்தாள்.

"அப்பாவுக்கு மூச்சு இழுக்குது தலைவரே. ஆம்புலன்ஸ் எங்கயோ பனியில மாட்டிக்கிச்சாம். நானே கார்ல கொண்டுபோறேன், சந்த மட்டும் வாரி விடுங்க."

"மொதல்ல குப்பையப் பிரிச்சு வைம்மா. வச்சதும் வாரித் தாரேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

நியாயமான பேச்சு. அவளும் மறுக்கவில்லை. பனியில் குந்தி, உறைந்த பைகளை வெறுங்கையால் கிழித்துப் பிரித்தாள். நான் எந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருந்தேன். அவள் உள்ளே போக எழுந்தால் அணைப்பேன், உட்கார்ந்தால் ஓடவிடுவேன். அணைக்கும்போதெல்லாம் கிழவர் மகளைக் கூப்பிடுவது கேட்டது. ஒருமுறை கேட்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கழுவவேண்டிய பாட்டில்கள் மிச்சமிருந்தன.

முடித்துவிட்டு உள்ளே ஓடினாள். அவள் அலறியபோது நான் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தப்பு இல்லை, ஐயா. அவளை மனதாரப் பாராட்டிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் சந்துப் பனியை வாரிக்கொடுத்தேன்.