ஆறாவது அங்கி

அளவு தப்பிய உடுப்பை யார் மேலாவது பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. துணி வியாபாரிக்கு இது தொழில் வியாதி என்பாள் என் மனைவி பெட்ரோனெல். தவறாக நினைக்காதீர்கள் விசாரணை அதிகாரி அவர்களே, உங்கள் சட்டைக் கையும் இரண்டு விரற்கடை குட்டையாகத்தான் இருக்கிறது. உங்கள் தையல்காரர் துணியைத் தின்கிறார்.

நான் ஹம்ஃபிரி ட்விஸ்டன். ஆல்டன்பரிக்கு மூன்று முறை மேயராக இருந்தவன். இந்த ஊர்க் கம்பளித் துணியை ஆண்ட்வெர்ப் சந்தை வரைக்கும் கொண்டுபோய் விற்றிருக்கிறேன். பிள்ளைகுட்டி இல்லை. அதனால் ஊருக்கு ஒரு தர்மம் செய்து வைப்போம் என்று வீடு கட்டினேன். துணித் தொழில் செய்தவனின் மனைவி, கணவன் போய் ஆதரவில்லாமல் நின்றால், சாகும்வரை அங்கே இருக்கலாம். ஆறு அறை, ஆறு புகைபோக்கி, உடுத்த ஆளுக்கொரு நீல அங்கி. வாசல் கல்லில் 'ஆறு கைம்பெண்களுக்காக' என்று என் பெயரோடு செதுக்கியாயிற்று. செப்டம்பர் கடைசியில், மிக்கேல் திருநாளன்று பிஷப் வந்து திறப்பதாக ஏற்பாடு.

ஆகஸ்டில், நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆறு பேரில் ஆறாவது கிழவி கல்யாணம் செய்துகொண்டாள். வயது அறுபதுக்கு மேல், வாயில் மிஞ்சியது மூன்று பல். மெழுகுவர்த்திக்காரன் ஒருவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தானாம். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வேறு ஆள் தேடினேன். ஒருத்தி கிடைத்தாள், கைசுத்தம் போதாது. இன்னொருத்தி பக்கத்து ஊர்க்காரி. உள்ளூர்க்காரி, நாணயமானவள், ஆதரவற்றவள் என்று விதி எழுதியவன் நானே. நானே அதை மீறினால் ஊர் உருப்படுமா?

பெட்ரோனெல் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "அஞ்சு பேர் இருந்தா என்னங்க குறைஞ்சுபோச்சு? கடவுள் என்ன விரல் விட்டா எண்ணப்போறாரு?"

கடவுள் எண்ணமாட்டார். கில்பர்ட் ஃபிரோம் எண்ணுவான். மேயர் பதவிக்கு என்னோடு மோதி மோதி மூக்கு உடைந்தவன் அவன். வியாபாரிகள் சங்கத்து விருந்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன ட்விஸ்டன், அஞ்சு புகைபோக்கிலதான் புகை வருமாமே? புது வீட்டுக்கு அதுக்குள்ள ஒரு பல்லு கொட்டிப்போச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு அழுகை வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஆவிஸ் பிம் எனக்கு முன்வரிசையில் மண்டியிட்டிருந்தாள். ஊரிலேயே உயரமான பெண். பாவம், மணிக்கட்டு வரைக்கும் எட்டுகிற கையோடு ஒரு உடுப்பை அவள் போட்டு நான் பார்த்ததில்லை. நாணயமானவள், நன்றாகத் தைப்பாள், யாரிடமும் வம்புக்குப் போகமாட்டாள். எல்லாத் தகுதியும் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, அவள் கணவர் ஆம்பிரோஸ் பிம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

ஆற்றங்கரை ஆலையில் துணியைத் துவைத்துக் கெட்டிப்படுத்துகிற வேலை அவருக்கு. நெஞ்சில் சளி, கையில் எப்போதும் பீர்க்குவளை. இரண்டு குளிர்காலம் தாங்கினால் பெரிது என்று வைத்தியரே சொல்லியிருந்தார். எப்படியும் வரப்போகிற சரக்குதானே, சற்று முன்னதாக வரவழைத்தால் என்ன என்று யோசித்தேன். மறுநாளே தையல்காரர் லாம்பர்ட்டிடம் ஆறாவது நீல அங்கிக்கும் சொல்லிவிட்டேன். கடைசி நாளில் துணி கேட்டு நிற்பவன் வியாபாரியே அல்ல.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பொழுது சாயும்போது, ஆட்டுக்கறிப் பணியாரமும் ஒரு கூஜா பீரும் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். ஆம்பிரோஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"மேயரய்யா கையால பீர் வாங்கிக் குடிச்சேன்னு சொன்னா என் பொண்டாட்டி நம்பமாட்டா. நாளைக்கு நீங்களே வந்து சொல்லணும்."

"சொல்றேன்."

"நீங்க கட்டியிருக்கிற வீடு இருக்கே, புண்ணியம்யா அது. என் காலத்துக்கப்புறம் ஆவிஸுக்கு அங்க ஒரு இடம் கொடுங்க."

"இடம் இருக்கு ஆம்பிரோஸ்."

அவரே வாய்விட்டுக் கேட்டதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அது முக்கியம்.

ஆலைக்கால்வாய் மேல் ஒற்றைப் பலகைப் பாலம். அவர் முன்னால் நடந்தார், நான் தோளில் கை வைத்துப் பின்னால் போனேன். குடித்தவர் தள்ளாடினார், நான் பிடிக்கவில்லை. முதலில் உங்களிடம் அவ்வளவுதான் சொன்னேன். சரியாகச் சொல்வதென்றால் அவர் தள்ளாடவில்லை. குடித்தாலும் நடை நேராகத்தான் இருந்தது. தள்ளினேன்.

மறுநாள் போய், கடைசியாக என் கையால்தான் பீர் குடித்தார் என்று ஆவிஸிடம் சொன்னேன். கொடுத்த வாக்கை நான் தவறியதில்லை. அடக்கச் செலவும் என்னுடையதே.

திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. ஆறு புகைபோக்கியிலும் புகை. ஃபிரோம் அண்ணாந்து இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான். ஆறு பேரும் நீல அங்கியில் வரிசையாக நின்றார்கள். ஆவிஸ் மட்டும் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் லாம்பர்ட்டிடம் நன்றி சொல்லப் போயிருக்கிறாள். அந்த மனிதர் வெள்ளந்தி. "எனக்கெதுக்கும்மா நன்றி? வாசக்கால் உசரத்துக்கு ஒருத்தி வருவா, கை நீளமா வைய்யின்னு மேயரய்யா ஆகஸ்ட்லயே சொல்லிட்டாரே" என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அய்யா, என் புருஷன் உயிரோட இருக்கறப்பவே எனக்கு விதவை உடுப்பு தைக்கச் சொல்லியிருக்கீங்க."

எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு எலும்பில் வந்து நின்றது துணி. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அளவே எடுக்காம தச்சது. எப்படிப் பொருந்தியிருக்கு பார்த்தியா?" என்றேன்.

இந்த விவகாரத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான். அவள் அங்கியைக் கழற்றி என் மேஜைமேல் போட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த பழைய உடுப்போடு உங்களிடம் வந்தாள். இனி அந்த வீட்டுக்குள் காலடி வைக்கமாட்டாளாம். நன்றி கெட்ட உலகம்.

தூக்கு நிச்சயம் என்று எனக்குத் தெரியும். குற்றவாளியின் சொத்து அரசிக்குப் போய்விடும். கைம்பெண்கள் வீடு ஊர்ப் பெயரில் இருப்பதால் அதற்குச் சேதமில்லை. வெளியே பெட்ரோனெல் அழுகிற சத்தம் கேட்கிறதா? விவரம் போதாது அவளுக்கு. துணிக்காரன் மனைவி, உள்ளூர்க்காரி, நாணயமானவள், நாளைக்குக் கையில் செம்புக்காசுகூட இருக்காது. எல்லா விதிக்கும் பொருந்துகிறாள்.

எனக்கு ஒரு விண்ணப்பம்தான். அந்த நீல அங்கியைச் சாட்சிப் பொருள் என்று பூட்டி வைத்துவிடாதீர்கள். லாம்பர்ட்டிடம் கொடுத்து, கீழே ஒரு சாண் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பெட்ரோனெல் கொஞ்சம் குள்ளம்.