எலிக்கு நீச்சல் குளம்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு வசந்தாவும் ஷகிலாவும் இருந்தார்கள். பேச்சு வசந்தாவின் கணவரைப் பற்றி; அவர் பேருந்தில் இல்லை.

"எங்க வூட்டுக்காரரு எலிக்கு நீச்சல் கொளம் கட்டிட்டாருக்கா."

"இன்னாடி சொல்ற?"

"போன வருசம் மேட்டு நெலத்துல மல்லாட்ட போட்டோம். வெள்ளெலி கடலைய திங்குதுன்னு அது வளையில ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனாரு. மூச்சு முட்டி வெளிய வந்துச்சி, புடிச்சிட்டாரு. இந்த வருசம் ஏரிக்குக் கீழ நெல்லுக்கு நாத்து வுட்டுருக்கோம். வரப்பெலி கடிக்குதுன்னு அதே வைத்தியம். மோட்டார் போட்டு வளையில பைப்ப சொருவிட்டாரு."

"ஐயோ! ஏரியில பொறந்ததுக்கு தண்ணி காட்டுனாரா?"

"எட்டு எலிக்கா! வரிசையா நீந்துது. இவரு கட்டையோட பின்னாலயே ஓடி சேத்துல வுழுந்துட்டாரு."

ஷகிலா சிரித்துச் சிரித்து முன்கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டார். நடத்துனரும் சில்லறை தருவதை மறந்து நின்றார்.

"அப்புறம்?"

"நேரா மோட்டார் ரூமுக்கு நீந்திப் போயி ஒயர கடிச்சிடுச்சிங்க. மூணு நாளா தண்ணி இல்ல, நாத்து வாடுது. இன்னிக்கி இந்த ஒயர மாட்டலன்னா அவ்ளோதான்." மடியிலிருந்த புது ஒயர்ச் சுருளைத் தட்டிக் காட்டினார்.

"எலி மருந்து நாப்பது ரூபாதானேடி! இது எவ்ளோ ஆச்சி?"

"ஒயரு, எலக்ட்ரீசியன், அவரு சுளுக்குக்கு தைலம், எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து நூத்தி அம்பதுக்கா."