பின்சக்கர டிரம்மும் என் தம்பி வண்டியும்

...பிரேக்கா அது? அதுக்குப் பிரேக்குன்னு பேரு வச்சவனச் சொல்லணும். வண்டி வாங்க வந்திருக்கீங்க, நல்லா சுத்திப் பாருங்கண்ணே. முன்சக்கரம் பாக்க வேணாம், அது டிஸ்க்கு, தொறந்த தட்டு. பின்னாடி குனிஞ்சு பாருங்க. சட்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்குல்ல? அதான் டிரம்மு. உள்ள என்ன நடக்குதுன்னு போட்டவனுக்கும் தெரியாது, ஓட்டறவனுக்கும் தெரியாது.

விக்கிற நானே இப்படிச் சொல்றேனேன்னு பாக்காதீங்க. மறைச்சு விக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல கெடயாது. எங்க குடும்பம்னா என் பொறந்த வீடு. எங்க வீட்டுக்காரரு குடும்பத்தப் பத்தி நான் வாயத் தொறக்கல.

வாங்கும்போதே சொன்னேன். ஷோரூம்ல ரெண்டு பிக்கப்பு பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒண்ணுல நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கு. என் தம்பி அதத்தான் வச்சிருக்கான், வெண்ணையாட்டம் நிக்கும். நமக்குக் கண்ணாடிக் கட, ஏத்தற சரக்கெல்லாம் கண்ணாடி, அதையே எடுப்போம்னேன். எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணாரு? அவங்க அண்ணனுக்குப் போன் போட்டாரு. அண்ணன் யாரு? தையல் மிஷின் ரிப்பேர் பண்றவரு. பிக்கப்பு பிரேக்குக்கு அவருகிட்ட யோசன. 'பாரம் ஏத்தற வண்டிக்கு டிரம்முதான்டா, சேறு உள்ள போகாது, ஹேண்ட் பிரேக்கு கெட்டியாப் புடிக்கும்'னாரு. இவரு தலைய ஆட்டிட்டாரு. அண்ணன் முன்னாடி ஆட்டறதுக்குன்னே வளத்த தல அது.

கெட்டியாப் புடிக்கும்னாங்களா... புடிச்சுது. விடத்தான் மாட்டேங்குது. காலைல ஸ்டார்ட் பண்ணி கியரப் போட்டா வண்டி நகராது, உறுமும். இவரு ஒரு அழுத்து அழுத்துவாரு. பின்சக்கரம் டொக்குனு விடும், வண்டி முன்னாடி துள்ளும். முந்தின நாளே ஏத்தி வச்ச கண்ணாடி கதறும் பாருங்க, அடுப்படி வரைக்கும் கேக்கும். இப்பக்கூட ஒரு டாக்டர் வீட்டு மாடிக்குன்னு வெட்டின கண்ணாடி, ஆள் ஒசரம், குறுக்கால கோடு விழுந்து போச்சு. கேட்டா, 'வண்டி மேல தப்பில்ல, ஏதோ ஒட்டிக்குது'ங்கறாரு. ஒட்டிக்க அது என்ன, தபால்தலையா?

அதான் வித்துட்டு டிஸ்க்கு வண்டி எடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். வண்டி என் பேருலதான் இருக்கு. அவரு சன்னலுக்கு அளவெடுக்கப் போயிருக்காரு. வித்துக்கோன்னாரு. சொல்லும்போது மூஞ்சியப் பாக்கணுமே, பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பற மாதிரி. அவரு வர்றதுக்குள்ள நீங்க சரின்னுட்டா நல்லது.

பராமரிப்பா? அதுல ஒரு கொற சொல்ல முடியாது. தெனம் சாயங்காலம் நான்தான் கழுவறது. தண்ணி பீச்சற மோட்டார் இருக்கு. சக்கரத்துக்குள்ளயே விட்டு அடிப்பேன். உங்க சட்டைய விட சுத்தமா இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க.

கழுவினதுக்கு அப்புறமா? வாசல் சரிவு பாத்தீங்கல்ல, உருண்டா எதுத்த மருந்துக் கடைக்குள்ள போய்த்தான் நிக்கும். அதனால ஹேண்ட் பிரேக்கையும் நான்தான் போடுவேன். அவரு போடறது பேருக்கு. நான் கால ஊனி, ரெண்டு கையாலயும் இழுத்து... ஈரத்தோடதான். காயற வரைக்கும் யாரு நிக்கறது?

என்ன சிரிக்கிறீங்க?

நான் ஊர்ல இல்லாதப்பவா? தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன் ஒரு வாரம். அப்ப... ஒட்டிக்கல. ஒண்ணும் ஒடயல. அவரு எங்க கழுவினாரு, சோம்பேறி.

...

என்னண்ணே சொல்றீங்க? ஈரத்தோட இழுத்துப் போட்டா உள்ள அழுத்திப் புடிக்கற பிரேக் ஷூ துருப்புடிச்சு டிரம்மோட ஒட்டிக்குமா? ஒரே ராத்திரியிலயா? கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கட்ட வச்சாப் போதுமா?

அப்ப டிஸ்க்கா இருந்தா? தண்ணி தேங்காது, சீக்கிரம் காஞ்சிரும்ல? பாத்தீங்களா, அப்பவும் என் தம்பிதான் சரி.

வண்டி நல்லாருக்கு, எடுத்துக்கறேங்கறீங்க. இருங்கண்ணே. நல்லாருக்கற வண்டிய எதுக்கு விக்கணும்? சாவிய இப்படிக் குடுங்க.

அய்யோ, அவரு வர்றாரு. ஒரு உதவி பண்ணுங்க. கேட்டா, பிரேக்கு சரியில்ல, வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. கழுவற கதையெல்லாம் எடுக்க வேணாம். இத்தன வருஷம் பேசிட்டேன், இப்பப் போயி அவங்க அண்ணன் கெலிச்சாருன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு...

வாங்க, வாங்க. இவரும் வேணாங்கறாரு. டிரம்முன்னு பாத்ததுமே மொகம் சுண்டிப் போச்சு, அவரையே கேளுங்க. போகட்டும், வேற என்ன பண்றது, நம்ம தலையெழுத்து, இதையே ஓட்டித் தொலைங்க. ஆனா ஒண்ணு. இனிமே வண்டியக் கழுவறது, பிரேக்குப் போடறது எதுக்கும் என்னக் கூப்பிடாதீங்க. எனக்கு இடுப்பு வலி.