அஹ்னாபைத் தேடி, காலி நகரக் கோட்டைக்குள்

பாயிஸா: ...இந்த மதில்ல ஏறாட்டி ஏலாதா? கல்லுச் சூடு செருப்பத் தாண்டி வருது.

ஹாஷிம்: மேல காத்து ஈக்கும். வாங்க.

பாயிஸா: ஒரு மரம் ஈக்கா? கண்டின்னா ரெண்டு எட்டு வெச்சா நெழல்.

ஹாஷிம்: ஒல்லாந்தன் பீரங்கிக்குக் கட்டினது. இதப் பாக்கத்தான் வெள்ளக்காரன் ப்ளேன் ஏறி வாரான்.

பாயிஸா: அவனுக்குத் தேடுறதுக்கு மகன் இல்லியே. அஹ்னாப் வேல செஞ்ச ஹோட்டல் எது?

ஹாஷிம்: அந்தா, மஞ்சச் சுவர். கேட்டாச்சே. வேலைய விட்டுப் போயிட்டானாம்.

பாயிஸா: நீங்க கேட்டீங்க. என்ன வெளிய நிக்க வெச்சிட்டு.

ஹாஷிம்: உள்ளுக்கு சிங்களத்துல பேசோணும், பாயிஸா.

பாயிஸா: கண்டி மார்க்கட்டுல நான் என்ன, அரபியிலயா மரக்கறி வாங்குற?

ஹாஷிம்: சரி, சரி... அந்தத் தொப்பிக் கடையில போட்டோவக் காட்டுவோம்.

பாயிஸா: காட்டுவீங்க. அவன் வாயத் தொறக்க முந்தி அடுத்த கடைக்கு நடப்பீங்க. காலைல ஈந்து பாத்துட்டுத்தான் வாரேன்.

ஹாஷிம்: வெயிலு... தல சுத்துது எனக்கு.

பாயிஸா: தம்பிலி எளநி குடிங்க. குடிச்சிட்டு அந்தப் பக்கம் போவோம். பொடியனுகள் மதில்ல ஈந்து கடலுக்குப் பாயிற எடம்.

ஹாஷிம்: அங்க வாணாம்.

பாயிஸா: ஏன்? கூட்டம் ஈக்கி. ஆராவது அவனக் கண்டிருப்பாங்க.

ஹாஷிம்: வாணாம்னா வாணாம்! பொம்பளைகளுக்குச் சரிப்படாது.

பாயிஸா: நாலு வெள்ளக்காரி நிக்கிறாளுகள்.

ஹாஷிம்: நீங்க நெஞ்சு வருத்தக்காரி. பின்னேர பஸ்ஸுக்குக் கண்டிக்குப் போயிடுவோம். அவன் கொழும்புல எங்கயாச்சும் ஈப்பான். நான் ஏசின கோபம் அடங்கினா கோல் எடுப்பான்.

பாயிஸா: எடுப்பானா?

ஹாஷிம்: எடுப்பான்.

பாயிஸா: என்னப் பாத்துச் செல்லுங்க.

ஹாஷிம்: கண்ணு கூசுது...

பாயிஸா: போன வெள்ளிக்கிழம ஸுபஹ் தொழுதிட்டு துஆ கேட்டீங்க. நான் கதவுக்குப் பின்னால தேத்தண்ணியோட நிண்டேன்.

ஹாஷிம்: அது...

பாயிஸா: காணாமப் போன புள்ளைக்கு என்ன கேக்கிற? பத்திரமாக் கொண்டு வந்து சேருன்னு. நீங்க, அவன்ட கபுறுக் குழிய விசாலமாக்குன்னு அழுதீங்க. நீங்களாச் செல்லுவீங்கன்னு பாத்துட்டே ஈந்தேன்.

ஹாஷிம்: தெரிஞ்சிட்டா... ஏன் இந்த வெயில்ல கடகடையா ஏறி எறங்கினீங்க?

பாயிஸா: ஒருத்தனாவது, நேத்து கண்டேன்னு செல்லிட மாட்டானான்னு.

ஹாஷிம்: நீந்தத் தெரியாத புள்ள, பாயிஸா. பாஞ்சானா, விழுந்தானா, ஒருத்தருக்கும் தெரியா. சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போறேன்னு அன்டைக்குப் போனேனே... ஹோட்டல்காரன் கோல் எடுத்து, இங்கதான் வந்தேன். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கினோம். வீட்டுக்கு வந்தா நீங்க அவனுக்குப் புடிச்ச சோறாக்கி வெச்சிட்டு, கோல் வந்திச்சான்னு கேட்டீங்க. நாக்கு எழும்பல்ல.

பாயிஸா: எங்க அடக்கின?

ஹாஷிம்: கோட்டைக்கு வெளிய, ஒரு பள்ளி மையவாடியில. பொம்பளைகள உள்ள விட மாட்டாங்க.

பாயிஸா: தெரியும். நான் கேற்றுக்கு வெளிய நிக்கிறேன். நீங்க போய் அவன்ட தலமாட்டுல நில்லுங்க. எந்த எடம்னு பாத்துக்கிறேன்.