தொண்ணூத்தாறு சதவீதம்

இல்லைங்க சார், நான் எங்க பேசினேன், நீங்க பாட்டுக்கு எழுதுங்க. பெரிய மனுஷங்ககிட்ட எனக்குப் பேசவே வராது. நாலாங்கிளாஸோட நின்னவ. காட்டைச் சுத்திக் காட்டுன்னு மேஸ்திரி அனுப்பினாரு, வந்தேன். நீங்கதான் வண்டியை விட்டுப் பத்தடி தாண்டலையே, எதைச் சுத்திக் காட்டுறது?

வெயிலுதான். தெரியுது. இங்கிருந்து பாத்தாலும் பச்சை பச்சைதானே.

ஏய் குட்டி, மரத்தைப் புடிச்சு ஆட்டாதே! சார் எழுதுறாரு பாரு. என் பொண்ணு சார். மூணரை வயசு. இந்த மரங்களைவிட ஆறு மாசம் மூத்தவ. நடும்போது என் மடியிலதான் கெடந்தா.

எவ்வளவுன்னு போட்டீங்க? தொண்ணூத்தாறா! அடேயப்பா. நூத்துக்குத் தொண்ணூத்தாறு மரம் நிக்குதுன்னா சும்மாவா? முக்கால்வாசிக்குக் கீழே போச்சுன்னா ஒப்பந்தமே ரத்தாமே, கம்பெனி நிலத்தை விட்டுட்டுக் கிளம்பிடணுமாமே? எல்லாம் என் கொழுந்தனாரு சொன்னதுதான். கம்பெனி லாரிதான் ஓட்டுறாரு, கண்ணுல பட்ட காகிதத்தை எல்லாம் படிச்சுடுவாரு.

உலகம் பூரா இப்படித்தான் மலை மலையா நடுறாங்களாம். எங்கேயோ ஒருத்தரு ஆகாயத்துல பறப்பாராம், அந்தப் புகைக்கு ஈடா நாம இங்க குழி தோண்டணுமாம். ஏன், அவரு நடந்து போனா கால் தேஞ்சிடுமான்னு கேட்டேன். கொழுந்தனாரு சிரிச்சாரு. இப்ப நீங்களும் சிரிக்கிறீங்க.

என் வேலையா? பை கிழிக்கிறது. மரக்கன்னு எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் பையில வரும்ல, பிளேடால பையைக் கிழிச்சு எடுத்துட்டு, கன்னை நடுறவங்க கையில குடுக்கணும். கைக்குழந்தைக்காரி, குனிஞ்சு நிமிர முடியாதுன்னு மேஸ்திரி பாவம் பாத்து உக்காந்து செய்யிற வேலையாக் குடுத்தாரு. சாயங்காலம் கிழிஞ்ச பையை எண்ணுவாரு. பை எத்தனையோ கன்னு அத்தனை. இந்தச் சரிவுல நிக்கிறது ஒவ்வொண்ணும் என் கை பட்டதுதான் சார், ஒண்ணு விடாம.

படம் புடிச்சுப் போன்லயே அனுப்பிட்டீங்களா? கையெழுத்தோடவா? இனிமே திருத்த முடியாதா? அப்பாடா.

குட்டி, இப்ப ஆட்டிக்கோ தங்கம். நல்லா ஆட்டு.

என்ன சார் அப்படிப் பாக்கிறீங்க? விழப்போற பல்லு மாதிரி ஆடுதா? நீங்களும் ஒரு கை புடிங்க. ஒத்தக் கை போதும், பேனாவைக்கூட வைக்க வேண்டாம். ஆங்... சாஞ்சுடுச்சு, அவ்வளவுதான். குட்டி, தள்ளி வா.

அடியில என்ன தெரியுது? பை. பாதிப் பை. மேல்பாதியை வட்டமா அறுத்து மேஸ்திரி எண்ணுறதுக்குப் போட்டேன். அடிப்பாதியோட கன்னைக் குடுத்தேன். நடுறவளுங்க கேக்காமலா இருப்பாளுங்க? கேட்டாளுங்க. மண்ணு உதிராம இருக்கணுமாம், மேலிடத்து உத்தரவுன்னேன். மேலிடம்னு சொல்லிட்டா இங்க எவளும் வாயைத் திறக்க மாட்டா. வேருக்குப் போக வழியில்லை பாருங்க, உள்ளேயே சுத்திச் சுத்தித் தன் கழுத்தைத் தானே நெரிச்சுக்கிட்டு நிக்குது. மழை பெஞ்சா பச்சை காட்டும். ஒரு பெருங்காத்து அடிச்சா மொத்தச் சரிவும் படுத்துடும்.

கத்தாதீங்க சார், குழந்தை பயப்படுது.

முன்னாடியே சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தா ராவோட ராவா வேற கன்னு கொண்டுவந்து குத்தி வச்சிருப்பீங்க. உங்களுக்கு அது தெரியாத வித்தையா? சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லியாச்சு. இந்த மரத்தை எல்லாம் கம்பெனிக்குக் காசு குடுத்து நடச் சொன்னாங்களே, அந்தப் பெரிய ஆளுங்க நேத்து வந்தாங்க. அவங்க நடந்தாங்க சார், உச்சி வரைக்கும் நடந்தாங்க. நூறு மரத்தைப் புடிச்சுத் தள்ளிப் பாத்தாங்க. எழுபது சாஞ்சுது. கம்பெனி ஆபீசரு நீங்க என்ன எழுதுறீங்கன்னு பாத்துட்டு மேல பேசிக்கலாம்னு கீழ வளைவுல காத்துக்கிட்டு இருக்காங்க. அந்த வெள்ளை வண்டிதான். நீங்க அனுப்பினது போய்ச் சேந்திருக்கும்போல, கதவு திறக்குது.

என்னைக் காட்டிக் குடுப்பீங்களா? தாராளமாக் குடுங்க. நூத்துக்கு எழுபது சாஞ்சது கண்ணுல படாத மனுஷனுக்கு, பிளேடு புடிச்ச பொம்பளை மட்டும் எப்படிப்பா கண்ணுல பட்டான்னு கேப்பாங்க. பதில் யோசிச்சு வச்சுக்குங்க.

ஆமா, கூட நட்டவளுங்களுக்கும் வேலை போகும். நாப்பது பேரு. அழுவாளுங்க. அழட்டும். எங்க வீட்டை இடிச்ச அன்னிக்கு, எங்க கூரை ஓட்டையே களவாடித் தலையில வச்சுக்கிட்டு வரிசையாப் போனவளுங்கதானே. என் வீட்டுக்காரரா? இருக்காரு. ஒரு தடவை புல்டோசருக்கு முன்னாடி நின்னாரு. அதுக்கப்புறம் நிக்கவேயில்லை. நான்தான் திருப்பிப் படுக்கவைக்கிறேன்.

எந்த வீடா?

நெசமாவே ஞாபகம் இல்லையா சார்? அன்னிக்கும் இப்படித்தான், வண்டியில உக்காந்த வாக்குல ஆளில்லாத தரிசுன்னு எழுதிக்கிட்டுப் போனீங்க. இவளை வயித்துல வச்சுக்கிட்டு நான் வாசல்ல நின்னு பாத்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், கூச்சமா இருந்துது.

போங்க, கை காட்டிக் கூப்பிடுறாங்க. அப்படியே ஒரு எட்டு தள்ளிப் போங்க சார். நீங்க செருப்புக் காலோட நிக்கிறது எங்க அடுப்படி.