மூலையில் ஒரு பென்சில் குறி

கையை எடுப்பா. அந்த ஸ்விட்ச்சுல மட்டும் கை வைக்காதே. அணைச்சா, மரத்துல எழுத்து வெட்டுற இந்தக் கம்ப்யூட்டர் மெஷின் நின்ன எடத்தை மறந்துரும். தெரியும்ப்பா, கரண்டை நிறுத்தாம மோட்டார் வயரைப் புடுங்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் ஓட்டவும் முடியாம அணைக்கவும் மனசு வராம, உங்க மரவேலைக் கிளப்புல சொல்லி உன்னை வரவழைச்சேன்.

இரு, சத்தத்தை நீயே கேளு. பக்கவாட்டுல போற மோட்டார் ஒழுங்காப் போகுதா? இப்ப முன்னும் பின்னும் போறது... கேட்டியா? நகராம அங்கேயே நின்னு நடுங்குது, நம்ம ஊர் ஜூலைக் குளிர்ல டெவன்போர்ட் கடல்ல எறங்கினவன் பல்லு மாதிரி. திருகெல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு, பாத்துட்டேன். ஒரு தடவை வயரைக் கையால தூக்கிப் பிடிச்சேன், கொஞ்சம் நகந்துச்சு. விட்டேன், மறுபடி நடுக்கம்.

உள்ளே அறுந்திருக்கா? மேல்தோல் நல்லாருக்கே. ஓ, போக வர மடங்கி மடங்கி... நாலு கம்பியில ஒண்ணு அறுந்தாலே இப்படி நடுங்குமா? அது வீட்டுக்கு லைன் இழுத்த மிச்ச வயர்ப்பா. எதையும் வீணாக்க மாட்டா.

யாரா? நோலீன், என் சம்சாரம். மெஷின் முழுக்க அவ கட்டினது. எனக்கு ஆணி அடிக்கக்கூட வராது. உங்க கிளப்புல அந்தக் காலத்துல பொம்பளைகளைச் சேத்துக்கலையே, உங்கப்பன்தானே தலைவர், சிரிக்காதே. கோவிச்சுக்கிட்டு வந்து இந்தக் கொட்டகையைப் போட்டா.

ஐயையோ, அப்படிச் சொல்லாதே, கர்த்தர் கிருபையில உசிரோட இருக்கா, சமையல் ரூம்ல இருக்கா. அவளையே கேட்டா என்னவா? கேட்டேன். மெஷினைத் தடவிப் பாத்துட்டு, அழகா இருக்கே, யாரு செஞ்சதுன்னா.

வேற பலகையில முதல்லேருந்து வெட்டிறலாம்னு நீயும் சொல்லாதே. இது அவ இழைச்ச பிளாக்வுட் மரம், பலகை அசையாம அவ கையால இறுக்கின கிளாம்ப்பு. நெனவோட அவ ஓட்டின கடைசி வேலை. குணமாக்குங்கன்னு ஜெபிச்சு ஜெபிச்சு ஓய்ஞ்சுட்டேன், டாக்டரும் கையை விரிச்சுட்டாரு. இப்ப கேக்கறது ஒண்ணுதான். அவளுக்கு எழுத்து மறந்து போறதுக்குள்ள இந்தப் பலகை முடியணும்.

என்னது, மெஷின் நின்ன எடத்தை ஏற்கெனவே மறந்துருச்சா? நடுங்கின அன்னைக்கே இதோட கணக்குத் தப்பிருச்சா? அப்ப இத்தனை நாளா அணைக்காம நான் எதைப்பா காவல் காத்தேன்?

எங்கே? அந்த மூலையிலயா? ஆமா, பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. அவ போட்டதுதான். எதை வெட்டினாலும் அங்கேருந்துதான் ஆரம்பிப்பா. வெட்டுமுனையைத் திரும்ப அதுமேல கொண்டு வந்து வெச்சுட்டா மெஷினுக்கு எடம் புரிஞ்சிருமா? பலகை அசையாம இருந்தாப் போதுமா? நெசமாத்தானே சொல்றே? அப்ப அணைச்சிடுப்பா. நீயே அணை. எனக்குக் கை வரல.

இதுல என்ன எழுத்தா? மறதி வரப்போறது தெரிஞ்சதும் வீடு முழுக்கப் பேர்ப்பலகை வெட்டி மாட்டினா. சமையல் ரூம், பாத்ரூம், கரண்டி இருக்கிற டிராயர்னு எல்லாத்துக்கும். இது கடைசி. தூசியை ஊதிட்டுப் பாரு. மெர்வின்னு மேல் வரி வந்திருச்சா? கீழ் வரியில, உன் புருஷன்னு வரணும். அது ஆரம்பிக்கும்போதுதான் நின்னுச்சு.

பேரு இன்னும் மறக்கல அவளுக்கு. காலையிலகூட, மெர்வின், தெனமும் வந்து இந்த மெஷினோட மல்லாடுறீங்களே, வீட்ல உங்க சம்சாரம் தேட மாட்டாங்களான்னு கேட்டா.