கூத்தையா வண்டியில் ஏறிய பாரம்

விளக்கை இறக்க வேண்டாம், எரியட்டும். இது இருட்டில் நடந்ததில்லை. சித்திரை மாதம், உச்சிவேளை. சாயல்குடியிலிருந்து மாரியூர் போகிற மணல் ரோடு... இரண்டு பக்கமும் உடைமரம். ஒரு காக்கை கூட இல்லை.

என் சிநேகிதனுடைய மைத்துனன் கூத்தையா மாட்டுவண்டியில் தனியாக வருகிறான். ஐம்பதாம் வருஷம். கூத்தையா பொய் சொல்ல மாட்டான். அதற்கு வேண்டிய மூளை அவனுக்குக் கிடையாது.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கையைக் காட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ராமசுப்பிரமணியன். பக்கத்து ஊர்க்காரர். மலாயாவில் ஒரு ரப்பர் கம்பெனிக்கே தலைவராக இருந்தவர். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் கேட்டான். இவர் கம்பெனியைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் தோட்டத்து ஆட்களையே கூட்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினார். "மூணு மாச வேலைதாண்டா, ரெட்டை அரிசி" என்று நம் பேச்சில் சொன்னாராம். நம் பேச்சில் சொன்னதால்தான் ஏறினார்கள். பாதிப் பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்தது, இவர் பேரில் வழக்கு வந்தது, ஆளைக் காணோம். சிங்கப்பூரில் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்றார்கள். பினாங்குக் கடலில் விழுந்தார் என்றார்கள். கொழும்பில் காய்ச்சலில் போனார் என்றும் ஒரு பேச்சு. மூன்று ஊரில் சாவதற்கு மாதச் சம்பளக்காரனால் முடியாது. கம்பெனித் தலைவரால் முடியும்.

கூத்தையாவின் தம்பி இருளாண்டியும் அந்தக் கூட்ஸில் போனவன்தான். அவர்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "ஒம்மவன் என் பொறுப்பு ஆத்தா" என்று சொல்லித்தான் மலாயாவுக்கு அழைத்துப் போயிருந்தார். செய்தி தெரியாமல் கருமாதி செய்ய ஆத்தா பூமயில் விடவில்லை. கூத்தையாவுக்கு அந்த ஒரு பதில் வேண்டும். அதனால்தான் ஏற்றிக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும்... நுகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு மேலே தூக்கியது. பின்பாரம். வண்டியின் பின்பக்கம் கனத்தால் அப்படித்தான் தூக்கும்.

"முன்னால நகந்து உக்காருங்க."

நகர்ந்தார். நுகத்தடி இன்னும் ஏறியது. கழுத்துக் கயிறு இறுகி மாடு இருமியது. நெல் மூட்டை அடுக்கியது போலச் சக்கரம் மணலில் புதைந்தது. ரப்பர்ப் புகை வாடை... அதோடு அழுகின புண் வாடை. ணங்... ணங்... எங்கோ தண்டவாளத்தில் சம்மட்டி அடிக்கிறார்கள். அந்தத் திக்கில் தண்டவாளமே கிடையாது.

கூத்தையா திரும்பாமல் கேட்டான். "அய்யா, எந்தம்பி எங்க?"

சம்மட்டிச் சத்தம் மட்டும் இன்னும் கிட்டத்தில் வந்தது.

"இருக்கானா, செத்துட்டானா? அதையாச்சும் சொல்லுங்க. எங்காத்தாவுக்குச் சொல்லணும்."

"நா அவங்கள அனுப்பலேன்னா என்னைய அனுப்பியிருப்பான்லே..." குரல் வண்டியின் கடைக்கோடியிலிருந்து வந்தது.

"முன்னால வாங்கன்னு சொன்னேன்ல?"

"வர விடமாட்டேங்கிறானே உந்தம்பி. கோட்டப் பிடிச்சு இழுக்கிறான்லே."

திரும்பிப் பார்த்தான்.

வண்டியில் யாருமே இல்லை. நுகத்தடி மட்டும் தூக்கினது தூக்கினபடி நிற்கிறது.

நுகத்தடியைத் தன் உடம்பால் அமுக்கிக்கொண்டு, ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தான். மாட்டின் இருமல் கேட்டு ஆத்தா வெளியே வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும்... மெதுவாக. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கேட்டாள்:

"தம்பியக் கொண்டாந்துட்ட, சரி. கூட வந்திருக்கிற இம்புட்டுப் பேருக்கும் நா எந்தப் பானையிலடா உலை வைப்பேன்?"